121 தோல்விகள்: சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் 2024 பருவம் குறித்த நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பலவீனமான அணிகூட அவற்றில் அறுபதையாவது வென்றுவிடும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு; நூறு தோல்விகளைத் தொட்ட பருவம் எந்த அணிக்கும் தலைகுனிவுதான். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 41 ஆட்டங்களை வென்று 121 ஆட்டங்களில் தோற்றது. 1901 முதல் கணக்கிடப்படும் நவீன காலத்தில் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளைக் கண்ட அணி வேறு இல்லை. அதுவரை 120 தோல்விகளுடன் அந்த இடத்தில் இருந்தது 1962-இன் நியூயார்க் மெட்ஸ் அணி. ஆனால் மெட்ஸ் அந்த ஆண்டுதான் பிறந்தது. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர்களைக் கொண்டு அவசரமாகச் சேர்க்கப்பட்டது. ஒயிட் சாக்ஸ் அணியோ 1901 முதல், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஆடிவருவது, 2005-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது, நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தைத் தளமாகக் கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, 121 ஆட்டங்களில் தோற்பதற்கு மூன்றே பருவங்களுக்கு முன் அதே அணி 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது.

இந்த அணியின் மீது பற்றுக்கொண்ட ரசிகன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2024-இல் நடந்ததற்கான காரணத்தை 2024-க்குள் மட்டும் தேடுபவர்களுக்குப் பாதி விடைதான் கிடைக்கும் என்பதும், இந்தச் சரிவின் பெரும்பகுதி அணி வென்றுகொண்டிருந்த காலத்திலேயே முடிவாகிவிட்டது என்பதும் என் கருத்து. ஒவ்வொருவரும் வகித்த பொறுப்பைப் பார்ப்பதே இங்கு போதும் என்பதால் ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: மறுகட்டமைப்பு, 2016–2020

பேஸ்பாலில் தோற்கும் அணி கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படுவதில்லை. மாறாக, அடுத்த ஆண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கிறது. இதனால், நடுத்தர நிலையில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதைவிட, கையிலுள்ள நல்ல ஆட்டக்காரர்களை விற்று, சில ஆண்டுகள் தோற்று, இளைஞர்களைச் சேர்த்து, ஒரே காலத்தில் முதிர்ச்சி அடையும் அணியைக் கட்டுவது நல்லது என்ற எண்ணம் பல நிர்வாகங்களில் வேரூன்றியது. சிகாகோவின் மற்றோர் அணியான கப்ஸும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் இந்த வழியில் சென்று முறையே 2016-இலும் 2017-இலும் உலகத் தொடரை வென்றன.

ஒயிட் சாக்ஸ் நிர்வாகம் 2016 டிசம்பரில் இதே பாதையில் இறங்கியது. அணியின் தலைசிறந்த இடக்கைப் பந்தெறிவாளர் பாஸ்டன் அணிக்கு அனுப்பப்பட்டு, அவருக்கு ஈடாக நான்கு இளைஞர்கள் பெறப்பட்டனர். மறுநாளே ஒரு வெளிக்கள ஆட்டக்காரர் வாஷிங்டனுக்குப் போனார். 2017 ஜூலையில் இன்னொரு தொடக்கப் பந்தெறிவாளர் நகரத்தின் மறுபுறத்தில் உள்ள கப்ஸ் அணிக்கே கைமாறினார். 2017-இல் 95, 2018-இல் 100, 2019-இல் 89 என்று தோல்விகள் குவிந்தாலும் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. வந்த இளைஞர்களும் உண்மையிலேயே திறமைசாலிகளாக இருந்தார்கள். பெருந்தொற்றால் சுருக்கப்பட்ட 2020 பருவத்தில் 35 வெற்றி, 25 தோல்வியுடன் அணி பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. திட்டம் அதுவரை சொன்னபடியே நடந்தது.

வெல்ல வேண்டிய ஆண்டுகள், 2020–2022

இந்த ஆய்வில் நான் நெடுநேரம் நிற்க விரும்புவது இந்தக் கட்டத்தில்தான்.

2020 அக்டோபரில், இளைஞர்களை வளர்த்து அணியைப் பிளே ஆஃப் வரை கொண்டுவந்த மேலாளர் (களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்) நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு 76 வயதான, புகழ்மன்றத்தில் இடம்பெற்ற, 2011-க்குப் பிறகு எந்த அணியையும் நடத்தியிராத ஒரு மூத்த மேலாளர் நியமிக்கப்பட்டார். அவர் 1986-இல் இதே அணியிலிருந்து நீக்கப்பட்டவர். அந்த நீக்கம் உரிமையாளரின் மனத்தில் நெடுங்காலம் உறுத்தலாக இருந்ததைப் பேஸ்பால் உலகம் அறியும். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதையும் விற்பதையும் கவனிக்கும் பொது மேலாளர் தேடிக்கொண்டிருந்தது வேறு வகையான ஆளை என்பதும், இறுதி முடிவு மேலிருந்து வந்தது என்பதும் பரவலாகப் பேசப்பட்டன. புதியவரின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் வென்ற உலகத் தொடர்களே போதிய சான்று. என் மனக்குறை அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தின் மீது. நான்கு ஆண்டுகள் ஒரு திட்டத்தின்படி நடந்த அமைப்பு, பலன் கைக்கு எட்டும் நேரத்தில் ஒருவருடைய நெஞ்சுக்கு நெருக்கமான விருப்பத்துக்கு வழிவிட்டது.

2021-இல் 93 வெற்றிகள் வந்தன. வெற்றி இருந்ததால் குறைகள் கண்ணில் படவில்லை. ஜூலை இறுதியில், டிராஃப்ட்டின் முதல் சுற்றில் எடுத்து வளர்த்த, ஓட்டக்காரர் கடக்கும் நான்கு தளங்களில் இரண்டாவதைக் காக்கும் இளம் ஆட்டக்காரரைக் கப்ஸுக்குக் கொடுத்து, பெயர்பெற்ற முடிப்புப் பந்தெறிவாளர் (கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் எறிபவர்) ஒருவரை நிர்வாகம் வாங்கியது. அணியில் ஏற்கெனவே சிறந்த முடிப்பு எறிவாளர் இருந்ததால் வந்தவர் பழக்கமில்லாத எட்டாவது இன்னிங்ஸில் எறிய வேண்டியிருந்தது, எறிந்தது எடுபடவில்லை. பிளே ஆஃப்பில் ஹூஸ்டன் அணி 3–1 என்று தொடரை முடித்தது; சிகாகோவில் நடந்த கடைசி ஆட்டத்தின் முடிவு 10–1. அடுத்த வசந்தத்தில் அந்த முடிப்பு எறிவாளரும் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். இரண்டாம் தளம் காலியாகவே இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி, தொடக்க எறிவாளருக்குப் பின் இறங்கும் மாற்றுப் பந்தெறிவாளர்களுக்குப் போனது. வலது வெளிக்களத்துக்கு நிலையான ஆள் வரவில்லை. முதல் தளத்தில் நிற்கப் பழகிய, ஓட்ட வேகம் குறைந்த இளைஞர்கள் இடது, வலது வெளிக்களங்களில் நிறுத்தப்பட்டார்கள். எதிரணியின் பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே விழுந்து சுவர்வரை உருளும் காட்சி 2022-இல் அடிக்கடி கண்ட காட்சி. அடித்தவர் முதல் தளத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் இரண்டாம் தளத்தில் போய் நின்றார், எறிவாளர் மேலும் பத்துப் பந்துகள் எறிய நேர்ந்தது. பந்தெறிவுப் புள்ளிவிவரத்தில் பதிவாகும் இத்தகைய சேதத்தின் மூலம், ஆட்டக்காரர் தேர்வில் இருக்கிறது. அந்தப் பருவம் 81 வெற்றி, 81 தோல்வி என்று முடிந்தது. ஆகஸ்ட் இறுதியில் உடல்நலக் காரணத்தால் மேலாளர் விலகினார்.

இதே காலத்தில் ஒயிட் சாக்ஸின் கீழ்நிலைப் பயிற்சி அணிகளில் வளரும் ஆட்டக்காரர்களின் வரிசை வற்றியது. மேலேயுள்ள இளைஞர்களில் ஒருவர் காயமடைந்தால் அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. வெளியிலிருந்து வாங்கவும் மனமில்லை: இந்த அணி தன் வரலாற்றில் வழங்கிய மிகப் பெரிய ஒப்பந்தம் 2022 டிசம்பரில் ஓர் இடது வெளிக்கள ஆட்டக்காரருக்குக் கொடுத்த ஐந்தாண்டு, 7.5 கோடி டாலர் ஒப்பந்தம். மற்ற பெருநகர அணிகள் தங்கள் முதன்மை ஆட்டக்காரர்களுக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

2023: சரிவும் அவசர மாற்றமும்

2023 பருவத்தின் முதல் 28 ஆட்டங்களில் 7 மட்டுமே வெற்றியாக அமைந்தன. பத்துத் தொடர் தோல்விகளும் அதில் அடக்கம். ஜூலையில் பந்தெறிவாளர்கள் பலர் விற்கப்பட்டனர். அப்படிப் போன ஒருவர், அணியில் விதிமுறைகளே இல்லை என்றும், ஆட்டம் நடக்கும்போதே மாற்று எறிவாளர்கள் அமரும் பகுதியில் ஓர் இளைஞர் தூங்கினார் என்றும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். பருவம் 101 தோல்விகளுடன் முடிந்தது.

ஆகஸ்ட் 22 அன்று, நெடுங்காலம் பணியாற்றிய நிர்வாகத் துணைத்தலைவரும் பொது மேலாளரும் ஒரே நாளில் நீக்கப்பட்டனர். ஒன்பது நாட்களில், அதுவரை ஆட்டக்காரர் மேம்பாட்டுப் பிரிவைக் கவனித்துவந்த உள் அதிகாரி புதிய பொது மேலாளரானார். வெளியிலிருந்து ஒருவர் வந்தால் அமைப்பைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகும், அந்த அவகாசம் இல்லை என்பது உரிமையாளர் கொடுத்த விளக்கம். புதிய கண்களால் பார்க்கப்பட வேண்டிய அமைப்பாக அது இருந்தது. வெளியாள் செலவிட்டிருக்கக்கூடிய அந்த ஓராண்டை அணி எப்படிச் செலவிட்டது என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2024-க்கு முன் எடுத்த முடிவுகள்

புதிய பொது மேலாளர் நிலைமையை மறைக்கவில்லை. அணி தமக்குப் பிடிக்கவில்லை என்று 2023 நவம்பரிலேயே சொன்னார். களத்தடுப்பைச் சீர்செய்வது அவர் வகுத்த முதல் குறிக்கோள். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்), இரண்டாம் தளம், கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஆகிய இடங்களுக்குக் களத்தடுப்பில் பெயர்பெற்ற அனுபவசாலிகள் குறைந்த விலையில் வந்தனர். தர்க்கம் புரியக்கூடியதே: இளம் பந்தெறிவாளர்களுக்குப் பின்னால் நம்பகமான கைகள் வேண்டும். ஆனால் அவர்களால் ரன் எடுக்க முடியவில்லை. கேட்சர் ஜூலையில் விடுவிக்கப்படும்போது அவருடைய மட்டையடிச் சராசரி .119, அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் பன்னிரண்டு ஹிட்கூட (அடித்துத் தளம் சேர்வது) இல்லை.

மார்ச் 13 அன்று, பருவம் தொடங்க இரண்டு வாரங்களே இருக்க, அணியின் முதன்மைப் பந்தெறிவாளர் நான்கு பேருக்கு ஈடாக சான் டியேகோவுக்கு மாற்றப்பட்டார். ஜூலை 25 அன்று அவர் அங்கே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார்.

இரண்டு முடிவுகள் நன்றாகப் பலித்தன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கொரிய லீக்கில் 2023-இன் மதிப்புமிக்க ஆட்டக்காரராகத் தேர்வான ஓர் அமெரிக்கப் பந்தெறிவாளரை ஈராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது ஒன்று. முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்ட ஓர் இடக்கை மாற்று எறிவாளரைத் தொடக்க எறிவாளராக மாற்றியது இன்னொன்று. இரண்டாமவர் 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட்களை (மட்டையாளரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) எடுத்து, சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்தப் பருவத்தில் இந்த அணியை விரும்பிப் பார்க்க ஒரு காரணம் இருந்தது என்றால் அது அவர் பந்தெறிந்த நாட்கள்தான்.

பருவத்தில் கண்டவை: ஏப்ரல் முதல் ஜூன் வரை

மார்ச் 28 அன்று டெட்ராய்ட்டிடம் 1–0 என்று தோற்றுப் பருவம் தொடங்கியது. அணியின் மட்டையடி மூன்று பேரை நம்பியிருந்தது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் மூவரும் தசைக் காயங்களால் வெளியேறினார்கள். காயம் எல்லா அணிகளுக்கும் வருவதுதான். இங்கே வெளியேறியவர்களின் இடத்தில் நிற்க ஆளில்லை என்பதால், 2021-இல் வற்றிய வரிசையின் விலை இப்போது கேட்கப்பட்டது. முதல் 25 ஆட்டங்களில் 3 வெற்றிகளே கிடைத்தன. அதை அடுத்து டாம்பா பே அணியை மூன்று ஆட்டங்களிலும் வென்றது, ஆட்டக்காரர்கள் முயற்சியைக் கைவிடவில்லை என்பதற்குச் சான்று.

மே 23 இரவு நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். பால்டிமோருக்கு எதிரான அந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒயிட் சாக்ஸ் இரண்டு ரன்கள் எடுத்து 8–6 என்று நெருங்கியது. ஒருவர் அவுட், முதல் இரண்டு தளங்களில் ஆட்கள், மட்டையாளர் அடித்த பந்து உள்களத்தின் மேலே உயர எழும்பியது. இன்ஃபீல்டு ஃப்ளை விதிப்படி, பந்து பிடிக்கப்பட்டாலும் விடப்பட்டாலும் அடித்தவர் அவுட். அதற்குள், இரண்டாம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓட்டக்காரர் பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்பின் பாதையில் குறுக்கிட்டார் என்று நடுவர் அறிவித்தார். ஷார்ட்ஸ்டாப் பந்தைச் சிரமமின்றிப் பிடித்துவிட்டார். ஆனாலும் குறுக்கீட்டுக்காக ஓட்டக்காரரும் அவுட். மூன்று அவுட்களும் முடிந்து ஆட்டம் அங்கேயே நின்றது. அந்த இடத்தில் நடுவர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற கருத்து பின்னர் எழுந்தாலும் முடிவு மாறவில்லை. அந்த நாட்களில் 14 தொடர் தோல்விகள் கண்ட அணி, அவற்றில் சிலவற்றை இப்படி நூலிழையில் இழந்தது.

நூலிழைத் தோல்விகளை மட்டும் எண்ணி ஆறுதல் கொள்ளவும் முடியாது. பருவம் முழுவதற்குமாக அணி எடுத்த ரன்கள் 507, கொடுத்தவை 813. ஆட்டத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல் எடுத்து ஐந்து கொடுக்கும் அணி, நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்பளித்தாலும் கடைசி இடத்தில்தான் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட்: 21 தொடர் தோல்விகள்

ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை அணி 21 ஆட்டங்களைத் தொடர்ச்சியாகத் தோற்றது. அமெரிக்கன் லீக்கில் இதற்கு முன் அவ்வளவு நீண்ட தொடர் 1988-இன் பால்டிமோர் அணிக்கு வாய்த்தது. அந்தத் தொடரை அன்று முடித்துவைத்தது, சிகாகோவில் 9–0 என்று தோற்ற இதே ஒயிட் சாக்ஸ். ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் 5–1 என்ற வெற்றி வந்தது.

இடையில் ஜூலை இறுதியின் பரிமாற்றக் கெடு வந்துபோனது. கொரியாவிலிருந்து வந்த எறிவாளர் உள்ளிட்ட சிலர் மாற்றப்பட்டனர். ஆல் ஸ்டார் இடக்கையாளர் மாற்றப்படவில்லை. அவருக்குரிய விலை வரவில்லை என்று காத்திருக்க நிர்வாகம் முடிவு செய்தது. அவர் கை களைத்துவிடாமல் இருக்கப் பருவத்தின் பிற்பகுதியில் பெரும்பாலும் நான்கு இன்னிங்ஸுக்குள் நிறுத்தப்பட்டார். பல ஆட்டங்கள் அவர் இறங்கிய பிறகு கைநழுவின. ஆயினும் இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு இரண்டு மூன்று வெற்றிகளைவிட ஓர் இளைஞரின் முழங்கை பெரியது.

ஆகஸ்ட் 8 அன்று, தோல்வித் தொடர் முடிந்த இரண்டாம் நாள், மேலாளர் நீக்கப்பட்டார். அப்போது 28 வெற்றி, 89 தோல்வி. இடைக்கால மேலாளரின் கீழ் 13 வெற்றியும் 32 தோல்வியும் வந்தன. வெற்றி விகிதம் சற்றே உயர்ந்தது. களத்தில் இருந்தவர்கள் அதே ஆட்டக்காரர்கள்தானே.

கடைசி வாரம்

செப்டம்பர் 22 அன்று சான் டியேகோவில் 120-ஆவது தோல்வி வந்து மெட்ஸ் அணியின் எண்ணிக்கை சமனானது. அடுத்த மூன்று ஆட்டங்கள் சிகாகோவில், லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக. வரலாற்றுத் தோல்வியை நேரில் காணவே சிலர் வந்திருந்தார்கள். செப்டம்பர் 24 அன்று எட்டாவது இன்னிங்ஸ்வரை 2–0 என்று பின்தங்கியிருந்த அணி மூன்று ரன்கள் எடுத்து வென்றது. அன்று அரங்கத்தில் எழுந்த முழக்கம் ஆட்டக்காரர்களை நோக்கியதாக இல்லை. அணியை விற்றுவிடுங்கள் என்று உரிமையாளரை நோக்கி எழுந்தது. அந்தக் கூட்டம் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் புதிய அரங்கத்துக்காகச் சுமார் நூறு கோடி டாலர் பொதுப்பணம் கேட்கப்படுவதாகச் செய்திகள் வந்ததையும் அவர்கள் மறந்திருக்கவில்லை.

மூன்று ஆட்டங்களையும் அணி வென்றது. செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் 4–1 என்று தோற்று 121-ஐத் தொட்டது. டெட்ராய்ட் அணி அதே ஆட்டத்தில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பிளே ஆஃப் இடத்தை உறுதிசெய்தது. எஞ்சிய இரண்டு ஆட்டங்களையும் ஒயிட் சாக்ஸ் வென்றது. கடைசி ஆறில் ஐந்து வெற்றிகள்: இழப்பதற்கு ஏதுமில்லாத நிலையில் இப்படி ஆடிய ஆட்டக்காரர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

பின்விளைவு

மிக அதிகமாகத் தோற்ற அணிக்கு டிராஃப்ட்டின் முதல் இடம்கூடக் கிட்டவில்லை. வருவாய்ப் பகிர்வில் பணம் செலுத்தும் பெருநகர அணிகள் டிராஃப்ட்டின் முதல் இடங்களை முடிவு செய்யும் குலுக்கலில் அடுத்தடுத்து இரு ஆண்டுகள் இடம்பெற முடியாது என்பது 2022-இன் தொழிலாளர் ஒப்பந்தம் கொண்டுவந்த விதி. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வந்த அந்த விதியால் ஒயிட் சாக்ஸ் 2025 டிராஃப்ட்டில் பத்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது.

2024 டிசம்பரில் அந்த இடக்கைப் பந்தெறிவாளர் பாஸ்டன் அணிக்கு அனுப்பப்பட்டு, ஈடாக நான்கு இளைஞர்கள் பெறப்பட்டனர். பாஸ்டன் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 17 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டித்தது; 2025-இல் அவர் 18 ஆட்டங்களை வென்றார்.

புதிய மேலாளரின் கீழ் ஒயிட் சாக்ஸ் 2025-இல் 60 வெற்றி, 102 தோல்வி பெற்றது. தொடர்ந்து மூன்றாவது நூறு தோல்விப் பருவம் என்றாலும், பாஸ்டனிலிருந்து வந்த கேட்சரும் இன்னோர் உள்கள ஆட்டக்காரரும் நிலையான இடம் பிடித்தார்கள். புதுமுக ஷார்ட்ஸ்டாப் 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். 2025 ஜூனில், 2029-க்கும் 2033-க்கும் இடையே அணியின் பெரும்பான்மை உரிமையைப் புதிய முதலீட்டாளர் ஒருவருக்கு விற்கும் வாய்ப்பை இப்போதைய உரிமையாளருக்கு அளிக்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

எதை மாற்ற வேண்டும்

2016 டிசம்பரையும் 2024 டிசம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இரண்டு முறையும் போனவர் இடக்கைப் பந்தெறிவாளர். சேர்ந்த இடம் பாஸ்டன். வந்தவர்கள் நான்கு இளைஞர்கள். விற்பதில் இந்த அணிக்குக் குறையில்லை. விற்றுப் பெற்ற இளைஞர்கள் முதிர்ந்து 90 ஆட்டங்களை வெல்லத் தொடங்கும்போது என்ன செய்வது என்பதில்தான் முதல் முறை அணி தவறியது.

ஆகவே மாற்றம் தேவைப்படுவது மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் அந்தக் கட்டத்தில். மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அணியின் ஆட்ட விவகாரங்களைக் கவனிக்கும் நிர்வாகத்திடம் முழுமையாக இருக்க வேண்டும். வெற்றி வரும் ஆண்டுகளில் கீழ்நிலை அணிகளுக்கான செலவைக் குறைக்கக் கூடாது. எந்தெந்த இடங்களில் ஆளில்லை என்பதை ஜூலைக்கு முன்பே ஒத்துக்கொண்டு அந்த இடங்களுக்கே பணம் ஒதுக்க வேண்டும். முதல் தள ஆட்டக்காரரை வெளிக்களத்தில் நிறுத்தி ஒரு பருவத்தை ஓட்டக் கூடாது. ஒரு முதன்மை ஆட்டக்காரருக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தக்கவைக்கும் மனம் உரிமையாளருக்கு வர வேண்டும். அது இல்லாமல் நடக்கும் ஒவ்வொரு மறுகட்டமைப்பும் வேறோர் அணிக்குப் பந்தெறிவாளரை வளர்த்துக் கொடுக்கும் வேலையாகவே முடியும். அந்த மனம் வந்துவிட்டதா என்பது 21 ஹோம் ரன்கள் அடித்த ஷார்ட்ஸ்டாப்பின் ஒப்பந்தம் பேச்சுக்கு வரும் நாளில் தெரியும்.